பாஸ்போர்ட் கிடந்த பிஸ்கட் டின்

மெட்டில்டா முதன்முதலாக, பெண்களுக்கு உதவும் எங்கள் கந்தோர்ப் படியேறி வந்தபோது ஒரு கையில் ஐந்து வயது மகள், மற்றக் கை இடுக்கில் ஒரு பெரிய பிஸ்கட் டின். சதுர டின். மூடி முழுக்க விதவிதமான கிறீம் பிஸ்கட் படம். ஹெந்தளையில் இருந்து வெள்ளவத்தை மட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். யாரோ இரக்கப்பட்டு இடம் கொடுத்ததும் பிள்ளையை இருத்திவிட்டு, டின்னை மட்டும் விடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

கதிரையில் இருந்ததும் அதை மடியில் வைத்தாள். இடது கையில் மூன்று விரல் வீங்கிப் போய், துணி சுற்றியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். 

எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம் இருந்தது. வந்தவர் முதல் கோப்பைத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் மட்டும் ஒன்றும் கேட்கக் கூடாது. பேரைக்கூடக் கேட்கக் கூடாது. வாய் சும்மா கிடக்காத எனக்கு அந்த ஐந்து நிமிசமும் பெரிய தண்டனை. பிள்ளை மூடியில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சரி, பிள்ளையோடு கதைக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே.

"பிள்ளைக்குப் பசிக்குது போல கிடக்கு. டின்னில இருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் குடுங்கோவன்" என்றேன்.

"இதுக்குள்ள பிஸ்கட் இல்லை அக்கா" என்றாள் மெட்டில்டா. "கடுதாசிதான் இருக்கு."

பிள்ளையும் என்னைப் பார்த்து, இல்லை என்று பெரிய மனுசி மாதிரித் தலையை ஆட்டினாள். ஷெரின் அவளின் பேர்.

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. எங்கள் ஆட்களின் வீடுகளில் பிஸ்கட் டின்னுக்குள் எப்போது பிஸ்கட் இருந்திருக்கிறது? மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு வந்த டின் பொங்கலுக்கு முன்னம் காலி. அதற்குப் பிறகு அதன் ஆயுசு முழுக்க நூல்கட்டை, பொத்தான், ஊசி. இல்லாவிட்டால் பேர்த் சேர்ட்டிபிக்கட்.

சிரித்தீர்களா என்று கேட்டவருக்கு

போன கிழமை இந்தப் பத்தியில் ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுத் தெஹிவளையில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இவ்வளவு கவலையையும் கேட்டுவிட்டு எப்படி வீட்டுக்குப் போய்ச் சோறு சமைத்தீர்கள்? ஒரு நாளாவது சிரித்தீர்களா?"

சிரித்தோம் அம்மா. வயிறு நோகச் சிரித்தோம். அழுத நாட்களைப் பற்றி எழுதி எழுதி, சிரித்த நாட்களை மறைத்துவிட்டேன் போல இருக்கிறது. என் பிழைதான். அதனால்தான் இந்தக் கிழமை மெட்டில்டா வருகிறாள்.

இடையில் வாசிக்கத் தொடங்கினவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் லோயர் இல்லை, டொக்டரும் இல்லை. ஒரு கொம்பனியில் டைப்பிஸ்ட்டாக இருந்து, பின்னேரங்களில் சும்மா உதவிக்கென்று வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டவள். வீட்டில் அடி வாங்கின பெண்கள், அடியைவிடக் கேவலமான கொடுமையைப் பட்டவர்கள், பொலிசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கோட்டுக்கோ போகும்போது பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை. பொலிசில் சிங்களத்தில் எழுதினதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க விடமாட்டேன் என்று மேசைக்கு முன்னால் நின்று சண்டை பிடிப்பதும் வேலையில் அடக்கம். அதற்காகச் சம்பளம் வேறு தந்தார்கள். அவர்கள் தராவிட்டாலும் நான் சண்டை பிடித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்பார்: "இண்டைக்கு எத்தினை குடும்பத்தைப் பிரிச்சீர்?"

"ஒண்டுதான். உம்மடதை நாளைக்குப் பார்ப்பம்" என்பேன்.

பேசாமல் போய்த் தேங்காய் துருவுவார். நல்ல மனுசன், சொல்லக் கூடாது.

கீழே மணப்பெண், மேலே நாங்கள்

எங்கள் கந்தோர் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு பார்லருக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே மணப்பெண் அலங்காரம். மேலே அடி தாங்காமல் வந்தவர்கள். இரண்டுக்கும் ஒரே படி. முகூர்த்த நாட்களில் கூறைச்சேலையும் மாலையுமாக ஒருத்தி இறங்கி வர, முகம் வீங்கின ஒருத்தி ஏறிப் போவாள். நான் நடுப்படியில் நின்று இரண்டு பேருக்கும் வழி விடுவேன்.

எங்களுக்குப் பேர்ப்பலகை கிடையாது. வேண்டுமென்றேதான் போடவில்லை. பலகையைப் பார்த்துவிட்டு எந்தப் புருசன் தேடி வருவான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வருகிற பெண்கள் வீட்டில் சொல்லிவிட்டு வருவது ஒரே பொய்தான்: "ஐபுரோ எடுக்கப் போறன்."

பார்லர்க்கார சாந்தி அக்கா கெட்டிக்காரி. நாங்கள் எழுதி ஒட்டின சட்டம் எதுவும் இல்லாமலே அவளே ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். மேலே வந்துவிட்டு இறங்கும் எந்தப் பெண்ணையும் சும்மா போக விடமாட்டாள். "ஐபுரோ எடுக்கப் போனவ எடுக்காமப் போனா அவனுக்குச் சந்தேகம் வராதா? இரு இதில" என்று கதிரையில் இருத்தி, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு புருவத்தையும் திருத்தித்தான் அனுப்புவாள். ஒரு சதம் வாங்கமாட்டாள்.

அந்தக் காலத்தில் கொழும்பிலேயே திறமான புருவங்கள் எங்கள் பெண்களுக்குத்தான் இருந்தன. பொலிசில் அழுதுகொண்டு இருக்கும்போதும் புருவம் மட்டும் வில்லாய் வளைந்திருக்கும்.

எல்லாக் கடுதாசியும்

மெட்டில்டா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு கதைத்தாள். பதினொரு வருசக் கதை. எல்லாவற்றையும் இங்கே எழுதமாட்டேன், அது அவளுடையது. விரல்கள் எப்படி வீங்கின என்று மட்டும் சொல்கிறேன். அலுமாரிக் கதவுக்குள் அவள் கையை வைத்து, கிங்ஸ்லி கதவைச் சாத்தினான். கிங்ஸ்லி அவளின் புருசன். கறியில் உப்புக் கூடிவிட்டதாம்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் இந்த வேலையில் எங்கள் கோபத்தை எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். வந்தவளுக்குத் தன் பாரமே போதும்.

அவள் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, ஹெந்தளையில் தங்கச்சி வீட்டில் ஒதுங்கியிருந்தாள். ஒரு அறையில் ஏழு பேர். ஷெரினின் பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில், பிள்ளை போய் இரண்டு கிழமை. மெட்டில்டாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவன் வெளியே போக வேண்டும், அவளும் பிள்ளையும் அடி வாங்காமல் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.

வீட்டு வன்முறைக்கென்று சட்டம் வந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். எங்கள் லோயர் ஃபரீனா மிஸ் அன்றைக்கே எழுதத் தொடங்கினார். "அடையாள அட்டை, பிள்ளைட பேர்த் சேர்ட்டிபிக்கட், கலியாணச் சேர்ட்டிபிக்கட். மத்ததெல்லாம் பொறகு பார்ப்பம்" என்றார். டின்னின் மேல்பக்கத்திலேயே அந்த மூன்றும் இருந்தன. எடுத்தேன். மூடினேன். தங்கச்சி வீட்டில் பூட்டு இல்லை என்று மெட்டில்டா சொன்னதால், டின்னை எங்கள் கந்தோர் அலுமாரியில் வைத்து நானே பூட்டினேன். திறப்பு என் கைப்பைக்குள்.

அடியில் என்ன கிடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அதற்கு முன்னமே இன்னொரு பிழை செய்திருந்தேன். வீட்டை விட்டு வெளிக்கிட முன்னம் அவள் டெலிபோன் எடுத்தபோது, "வரேக்க எல்லாக் கடுதாசியையும் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று சொன்னது நான்தான். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வேன்.

நீதவான் இடைக்காலக் கட்டளை தந்தார். கிங்ஸ்லி அந்த வீட்டுக்குள் போகக் கூடாது, அவளுக்குக் கிட்டப் போகக் கூடாது. சந்தோசத்தில் நான் கோட்டு வாசலிலேயே கச்சான் கடலை வாங்கினேன். அவசரப்பட்டுவிட்டேன். கட்டளை அவன் கையில் போய்ச் சேர்ந்தால்தானே வேலை செய்யும்?

அவன் ஆள் அகப்படவில்லை. முன்கதவில் வெளியே பூட்டைத் தொங்கவிட்டு, பின்பக்கத்தால் உள்ளே போய் இருந்தான். பொலிசில் பெண்கள் பகுதியில் இருந்த நில்மினி என்ற கொன்ஸ்டபிள் இரண்டு தரம் போய்த் தட்டினாள். இரண்டாம் தரம் வந்து, சிங்களமும் தமிழும் கலந்து என்னிடம் முறையிட்டாள்: "மிஸ், வீடு பூட்டிக் கிடக்கு. உள்ளுக்குள்ள கருவாடு பொரியிற வாசம் வருது. நான் என்ன செய்ய?"

கோட்டில் இரண்டு வழக்குத் தவணை அப்படியே போனது. அதற்குள் இன்னொரு செய்தி வந்தது. கிங்ஸ்லிக்குக் கட்டாரில் வேலை சரிவந்துவிட்டது. கிளம்ப முன்னம் வீட்டை அண்ணன் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போகப் போகிறான். அண்ணன் ஆட்கள் பாயைப் போட்டுக் குந்திவிட்டால் பிறகு யார் எழுப்புவது?

"போகட்டும் அக்கா, விடுங்க" என்றாள் மெட்டில்டா. குரல் செத்துப் போயிருந்தது. "ஷெரினை இங்க ஹெந்தளையிலயே ஒரு பள்ளிக்கூடத்தில சேர்க்கிறன்."

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சமைக்கவில்லை. இவர்தான் ராச்சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வந்தார்.

நான் பண்ணின சத்தியம்

அடுத்த கிழமை காலையில் நில்மினி டெலிபோன் எடுத்தாள். கிங்ஸ்லி தானாகவே பொலிசுக்கு வந்து என்ட்ரி போட்டிருக்கிறானாம். பெண்சாதி அவனுடைய பாஸ்போர்ட்டைக் களவெடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். முதல் நாள் நில்மினி சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் பறந்துவிட்டான்.

எனக்கு வந்ததே கோபம். "கை விரலையும் முறிச்சுப்போட்டு இப்ப கள்ளிப் பட்டமும் குடுக்கிறானா? அந்தப் பிள்ளை ஒரு ஊசியைக்கூட எடுத்திருக்காது. என்ட அம்மாவாணை இல்லை. எழுதிக்கொள்ளுங்கோ, நான் சொன்னனான் எண்டு எழுதிக்கொள்ளுங்கோ" என்று கத்தினேன். கீழே பார்லரில் மருதாணி போட்டுக்கொண்டிருந்த பெண் பயந்து கையை இழுத்துவிட்டாள் என்று சாந்தி அக்கா பிறகு ஏசினாள்.

மெட்டில்டா வந்ததும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாதிரியான நிறம் வந்தது.

"அக்கா, அது டின்னுக்குள்ள இருக்கும்."

"எந்த டின்னுக்குள்ள?"

"உங்கட அலுமாரியில இருக்கிற டின்."

நான் கைப்பைக்குள் இருந்து திறப்பை எடுத்தேன்.

"நீங்கதானே எல்லாக் கடுதாசியையும் கொண்டு வாங்க எண்டு சொன்னீங்க. எங்கட வீட்டில எல்லாருட கடுதாசியும் அதுக்குள்ளதான். நான்தான் வச்சிருக்கிறது. அவருக்கு எது எங்க இருக்கு எண்டு தெரியாது."

திறந்து கவிழ்த்தோம். தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானச் சேர்ட்டிபிக்கட், எப்போதோ கட்டி முடிந்த கரண்ட் பில்லுகள், அடியில் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் பாஸ்போர்ட். புத்தம் புதிது. படத்தில் கிங்ஸ்லி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபரீனா மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "ரஞ்சி, நீங்க பொலிசுக்கு என்ன சென்னீங்க?"

"அம்மாவாணை இல்லை எண்டு சொன்னனான்."

"மாஷா அல்லாஹ்" என்றார். அதற்கு மேல் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கோ. மெட்டில்டா வெளிக்கிட்டு ஒன்றரை மாதம். அவ்வளவு நாளும் அந்த மனுசன் தன் பாஸ்போர்ட் வீட்டில் இல்லை என்றே அறியவில்லை. பதினொரு வருசமாக எந்தக் கடுதாசி வேண்டுமென்றாலும் கட்டிலில் இருந்துகொண்டு "கொண்டுவா" என்று கையை நீட்டினவன். டிக்கட் வந்த பிறகுதான் தேடியிருக்கிறான். கடுதாசி இருந்த டின் எந்த நிறம் என்று பொலிசில் என்ட்ரி எழுதின ஐயா கேட்டதற்குப் பதில் சொல்லவும் தெரியவில்லையாம்.

பாஸ்போர்ட்டுக்குக் கீழே இன்னொரு கடுதாசி இருந்தது. நான்காக மடித்த பழைய வீட்டு உறுதிப் பத்திரம். ஃபரீனா மிஸ் விரித்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"மெட்டில்டா, இந்த வீடு யார்ட?"

"அவர்ட மிஸ். அப்பா சீதனமாக் குடுத்தது."

"யாருக்குக் குடுத்த?"

"கலியாணத்துக்கு... அவருக்கு."

"இதுல அப்பிடி இல்லியே. மெட்டில்டா எண்டு உங்கட பேர் மட்டும்தான் ஈக்குது. உங்கட வாப்பா உங்களுக்குத்தான் எழுதிக் குடுத்தீக்கார்."

பதினொரு வருசம் அவள் துடைத்து, கூட்டி, அடி வாங்கின வீடு அவளுடையது. உறுதி இங்கிலீசில் இருந்ததால் அவள் வாசிக்கவில்லை. சீதனம் என்றால் மாப்பிள்ளைக்கு என்று வீட்டில் எல்லாரும் நினைத்ததால் யாரையும் கேட்கவும் இல்லை. "இன்னொருக்கா வாசிங்க மிஸ்" என்றாள். வாசித்தார். "இன்னொருக்கா" என்றாள்.

நூலுக்குக் கீழே

சந்தோசப்பட நேரம் இல்லை. களவுப் பொருள் எங்கள் அலுமாரியில் இருந்தது. உடனே பொலிசுக்குப் போனோம். நில்மினிக்கு முன்னால் பாஸ்போர்ட்டை வைத்து, நான் பண்ணின சத்தியத்தையும் திருப்பி எடுத்தேன். தலை குனிந்துதான் நின்றேன்.

நில்மினி பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "மிஸ், இப்ப இதை நான் கோட்டில குடுக்கலாம். அங்க வழக்கு இருக்குத்தானே. வேணுமெண்டா அவரே அங்க வந்து எடுக்கட்டும். நான் இனிக் கதவு தட்டத் தேவையில்லை."

ஃபரீனா மிஸ் அவளைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஆனால் இதை முடிவெடுக்க வேண்டியவள் மெட்டில்டா. அதுவும் எங்கள் கந்தோரின் வழக்கம்: அவர்களுக்காக நாங்கள் முடிவெடுக்கக் கூடாது. அவளுக்கோ பயம். "அவர்ட அண்ணன்ட்ட குடுத்து விட்டா பேசாமப் போயிடுவார் அக்கா. கோட்டில நிண்டா அவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை உங்களுக்குத் தெரியாது."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வாசகர்களே, நான் வாயை மூடிக்கொண்டு இருந்த நேரங்களுக்கு யாராவது எனக்கு ஒரு மெடல் தந்திருக்க வேண்டும்.

கந்தோருக்குத் திரும்பி வந்து, பிறகு படி இறங்கும்போது வழமை போல சாந்தி அக்கா பிடித்துக்கொண்டாள். மெட்டில்டா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள். நூல் ஓடத் தொடங்கியது. கண்ணோரம் தண்ணீர் வந்தது. நூலால் வந்ததா, மற்றதால் வந்ததா என்று தெரியவில்லை. ஒரு புருவம் முடிந்தது. சாந்தி அக்கா கதிரையின் மறுபக்கம் வந்தாள்.

"அக்கா" என்றாள் மெட்டில்டா, கண்ணைத் திறக்காமல்.

"என்னம்மா?"

"கோட்டில வச்சே குடுக்கட்டும். எல்லாருக்கும் முன்னால."

சாந்தி அக்காவுக்கு ஒரு கதையும் தெரியாது. என்றாலும், "ஓம், அதுதான் சரி" என்றுவிட்டு மற்றப் புருவத்தைத் தொடங்கினாள்.

வெள்ளைச் சேர்ட்

பாஸ்போர்ட் கோட்டில்தான் கிடைக்கும் என்று பொலிசில் சொல்லிவிட்டதால், தவணையன்று காலை எட்டரைக்கே கிங்ஸ்லி வந்துவிட்டான். இரண்டு தவணையாக ஊரில் இல்லாத மனுசன். வெள்ளைச் சேர்ட், மினுக்கின சப்பாத்து, பக்கத்தில் அண்ணன். மெட்டில்டா என் வலது கையைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருந்தாள். பிடித்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. அவன் பார்த்தான். அவள் சொன்ன பார்வைதான். அவள் குனிந்தாள், பிறகு நிமிர்ந்தாள். சாந்தி அக்காவின் கைவண்ணத்தில் புருவம் இரண்டும் நல்லாய் உயர்ந்து நின்றன.

வழக்கு இலக்கம் கூப்பிட்டார்கள். பேர் கூப்பிட முன்னமே கிங்ஸ்லி எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நீதவானுக்குரிய சிங்கள மரியாதைச் சொல்லோடு தொடங்கினான். "ஸ்வாமினி, என்ட பாஸ்போர்ட். வாற கிழமை எனக்கு பிளைட்."

நீதவான் வயதானவர். கதைப்பது சிங்களத்தில், மெல்லிய குரல். வழக்குக் கோவையைப் புரட்டினார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நீர்தான் கிங்ஸ்லியோ? இரண்டு தரம் தேடியும் அகப்படாத ஆள்?"

"நான் வெளியூர் போயிருந்தனான் ஸ்வாமினி."

நீதவான் நில்மினியைப் பார்த்தார். நில்மினி எழும்பி, விறைப்பாக நின்று, பூட்டின கதவையும் கருவாட்டு வாசத்தையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். பின்வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

"அப்ப இண்டைக்கு ஆள் இங்க நிக்கிறார்" என்றார் நீதவான். "கட்டளையைக் கையில் குடுங்கோ."

குடுத்தார்கள். அவன் வாங்கின சத்தம், அந்தக் கடுதாசியின் சரசரப்பு, இப்பவும் என் காதில் இருக்கிறது. ஒன்றரை மாதமாக நாங்கள் துரத்தின கடுதாசி.

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாக விளங்கப்படுத்தினார். வீட்டுக்குள் போகக் கூடாது என்ற இடத்தில் கிங்ஸ்லிக்குச் சூடு ஏறிவிட்டது. "அது என்ட வீடு ஸ்வாமினி. சீதனமா எனக்கு வந்த வீடு. இப்ப அண்ணன் இருக்கப் போறார்."

ஃபரீனா மிஸ் உறுதியை எடுத்துக் கொடுத்தார். நீதவான் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு நிதானமாக வாசித்தார்.

"இந்த வீட்டுக்காரி இங்க இருக்கிறாவா?"

மெட்டில்டா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை உயர்த்தினாள். வீக்கம் வற்றின அந்த இடது கையை.

"வீட்டுத் திறப்பு யார்ட்ட?"

கிங்ஸ்லி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கூரையைப் பார்த்தார். பிறகு காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு, எடுத்து, மேசையில் வைத்தார். நில்மினி அதை எடுத்து வந்து மெட்டில்டாவின் கையில் வைத்தாள்.

கடைசியாக நீதவான் அவளைக் கேட்டார், பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுக்க ஏதும் ஆட்சேபனை இருக்கிறதா என்று.  அழுதுவிடுவாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் நிற்பாள் என்று பயந்தேன். அவள் எழும்பினாள். அவனைப் பார்க்கவில்லை. நீதவானைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"குடுங்க சேர். அது அவர்ட. நான் தவறித்தான் எடுத்தனான். அவர்ட சாமான் எனக்கு ஒண்டும் வேணாம். என்ட வீடு எனக்குப் போதும்."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சிங்களத்தில் சொன்னார். நீதவான் தலையாட்டிவிட்டு எழுதினார்.

வெளியே வந்து, முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸ் சாப்பிட்டோம். நில்மினியும் வந்தாள். மெட்டில்டா ஒரு கையில் ரோல்ஸ், மற்றக் கையில் திறப்பு. திறப்பைக் கீழே வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை. "என்ன கருவாடு எண்டு மணந்தது?" என்று ஃபரீனா மிஸ் நில்மினியைக் கேட்க, மெட்டில்டா குறுக்கே விழுந்து, "கட்டாக் கருவாடு. நான்தான் வாங்கி வச்சனான்" என்றாள். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் கோணல். சிரித்தால் நல்ல வடிவு.

தெஹிவளை வாசகிக்கு: அன்றைக்கு வீட்டுக்குப் போய் இறைச்சிக் கறி சமைத்தேன். இவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

மூடி

கிங்ஸ்லி அடுத்த கிழமையே கட்டாருக்குப் போய்விட்டான். பிறகு வந்த தவணையில் முழுக் கட்டளையும் கிடைத்தது. எங்கள் கந்தோரில் நான் ஒரு கடுதாசியில் கொட்டை எழுத்தில் எழுதி டெலிபோனுக்கு மேலே ஒட்டினேன்: 'உங்கட கடுதாசியும் பிள்ளைட கடுதாசியும் மட்டும்.' ஃபரீனா மிஸ் அதற்குக் கீழே பென்சிலால் 'டின்னை அடிவரை பார்க்கவும்' என்று எழுதிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம், மெட்டில்டா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன ஒழுங்கை. முன்கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தாள். பூட்டும் புதிது. ஷெரின் பள்ளிக்கூடத்தில் வாங்கின நட்சத்திர ஸ்டிக்கரைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள்.

"கடுதாசி எல்லாம் எங்க?" என்று கேட்டேன். தொழில் புத்தி போகுமா?

மெட்டில்டா அலுமாரியைத் திறந்து காட்டினாள். நீலநிறக் கோவை ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உறையில். முதல் உறையில் உறுதி. அந்த அலுமாரிதான், விரலை நசித்த அதே அலுமாரி. கதவைச் சாத்தும்போது அவள் மெல்லச் சாத்தினாள். 

தேத்தண்ணி வந்தது. நான் குடித்தேன். இந்த முறை அவர்கள் இரண்டு பேரும்தான் நான் குடித்து முடிக்கும் மட்டும் ஒன்றும் கதைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்கள், கள்ளச் சிரிப்போடு. எனக்கு விளங்கவில்லை.

கோப்பையை வைத்ததும் ஷெரின் எழும்பி ஓடினாள். திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் அந்தச் சதுர டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் மடியில் வைத்தாள். மூடி இறுக்கம். நகத்தைக் கொடுத்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, தானே திறந்தாள்.

"எடுங்க அன்ரி" என்றாள். "இப்ப இதுக்குள்ள பிஸ்கட் இருக்கு."